தானே பூசிய கரி

எங்கள் தெருவில் அவருக்கு மைக்செட் என்று பெயர். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். குரல் அப்படி. டியூபில் ஓட்டை என்று அவர் யாரிடமாவது சொன்னால், நாலு வீடு தள்ளித் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது முன்சக்கரமா பின்சக்கரமா என்பது வரைக்கும் கேட்கும். வீட்டுக்குள் அவர் ரகசியம் பேசினால் தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

நல்ல மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக நான் அவரைத் திட்டுவேன். கையில் காசில்லாதவனுக்கும் பஞ்சர் ஒட்டிக் கொடுப்பார். யாராவது வீடு மாற்றினால் கூப்பிடாமலே வந்து பீரோவுக்குத் தோள் கொடுப்பார். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் கூடிவிட்டால் வாய் தன்னால் திறந்துகொள்ளும். திறந்தால், கையில் இல்லாததையெல்லாம் தருகிறேன் என்று சொல்லிவிடும்.

நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர் எங்களுடையது. அது மூடியபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஆகையால் சுரங்கத்துக்குள் அவர் ஒரு நாளும் இறங்கினதில்லை. இறங்கினவர் அவருடைய மாமனார். மேலே பாறை சரிந்து விழாமல் மரத்தடி நிறுத்தி முட்டுக் கொடுக்கிற வேலை. இப்போது நெஞ்சு முழுக்கத் தூசியோடு மகள் வீட்டில் இருக்கிறார். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் தேவையில்லாத வாக்கியத்தைப் பேசவே மாட்டார். இப்படிப்பட்ட மாமனாரும் அப்படிப்பட்ட மாப்பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

சுரங்கம் மூடிய பிறகு ஊர் வீடு வீடாகப் பூட்டிக்கொண்டே வந்தது. ஆண்கள் பஸ் ஏறிப் போனார்கள். போன இடத்தில் காலூன்றியதும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டார்கள். மைக்செட்டின் மைத்துனன்கூட அப்படித்தான் நகரத்துக்குப் போய் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அடுப்பு வேலைக்குச் சேர்ந்தான். சைக்கிள் கடையில் வேலை இல்லை. மைக்செட் நன்றாக ஓடுகிற சக்கரத்தையே கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டு பொழுதை ஓட்டினார்.

அந்த நேரத்தில்தான் ஒரு புதுக் கம்பெனி வந்தது. மூடிய சுரங்கத்தைத் திறக்கப்போகிறோம், உள்ளூர் ஆட்களுக்கு வேலை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, திரையில் ஓடிய படத்தைப் பார்த்தோம். மஞ்சள் ஹெல்மெட் போட்ட அழகான ஆட்கள் சிரித்துக்கொண்டே சுரங்கத்துக்குள் போனார்கள். படம் முடிந்ததும் எங்கள் ஊர் டீச்சர் எழுந்தார்.

"எத்தனை பேருக்கு வேலைன்னு எழுத்துல குடுப்பீங்களா?" என்று கேட்டார். "அப்புறம் கெணத்துத் தண்ணி என்ன ஆகும்?"

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே மைக்செட் எழுந்துவிட்டார்.

"டீச்சருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது. எங்களுக்கு என்ன வருது? தொறக்கட்டுங்க! தொறந்தா வீட்டுக்கு ஒரு வேலை. அதுக்கு நான் பொறுப்பு!"

அவரை யாரும் பொறுப்பேற்கச் சொல்லவில்லை. கம்பெனிக்காரரே அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கூடம் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் விசில் அடித்தார். டீச்சர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, யாருக்கும் கேட்காது என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டார். வெளியே போகும்போது கம்பெனிக்காரர் மைக்செட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களை மறக்க மாட்டோம்" என்றார். அந்தக் கை குலுக்கலைப் பற்றி அவர் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் சுற்றுச்சுவர் கட்டினார்கள். அதற்கு ஊரில் தெம்புள்ள எல்லோரையும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரும் கல் சுமந்தார். சுவர் முடிந்ததும் எல்லோரையும் சுவருக்கு வெளியே நிறுத்தி, கூப்பிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பெரிய லாரிகளில் இயந்திரங்கள் வந்து இறங்கின. அவற்றை ஓட்டத் தெரிந்த ஆட்கள் திரை போட்ட பஸ்ஸில் எங்கிருந்தோ வந்து, சுவருக்கு உள்ளேயே குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டார்கள். ஊர் வெளியே நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மைக்செட்டுக்கு மட்டும் ஆள் வந்தது. காலையில் போனவர் சாயங்காலம் கையில் பெரிய பையோடு திரும்பினார். பைக்குள் பூட்ஸ், ஹெல்மெட், கோடு போட்ட சட்டை. தெருவே அவர் வாசலில் கூடியது. நானும் ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அவருடைய மாமனார் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், பையைப் பார்த்ததும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து எழுந்து நின்றார். மாப்பிள்ளைக்காக அவர் எழுந்து நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

"எங்க போட்டாங்க மாப்பிள்ள?"

"கீழதான் மாமா."

வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். அவர் மனைவி, என் சிநேகிதி, பிறகு என்னிடம் சொன்னாள். எப்படிச் சொன்னால் கேவலமாகத் தெரியாது என்று நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்திருக்கிறார். கிழவர் எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாராம். நின்றதும் எல்லாம் போய்விட்டது.

உண்மை இதுதான். சுரங்க ஆட்கள் ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் குளிப்பதற்கு ஒரு நீளமான அறை இருக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ். கூரையிலிருந்து சங்கிலிகள் தொங்கும், ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு கொக்கி. கீழே போகும்போது நல்ல துணியைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்துவிடுவார்கள். திரும்பி வந்து குளித்துவிட்டு அதை இறக்கிப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி குவார்ட்டர்ஸுக்குப் போவார்கள். அவர்கள் போன பிறகு அந்த அறையைக் கழுவுவதுதான் மைக்செட்டின் வேலை. சுவரில் வழிந்த கரியைத் தேய்க்க வேண்டும். தரையில் கிடக்கும் சோப்புத் துண்டையும் முடியையும் பொறுக்க வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்க வேண்டும். பூட்ஸும் ஹெல்மெட்டும் யாராவது பெரிய மனிதர் சுற்றிப் பார்க்க வரும்போது போட்டுக்கொள்வதற்கு. குளிக்கிறவர்கள் அவரைப் பேர் கேட்டதில்லை. "ஏய் தண்ணி, குழாய்ல வரல பாரு" என்று கூப்பிடுவார்களாம்.

கழுவுகிற வேலையில் என்ன கேவலம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கேவலம் வேலையில் இல்லை. டீச்சரை உட்கார வைத்ததற்குக் கிடைத்த கூலி அது என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்தபடி தினமும் வடிகாலில் கையை விட வேண்டியிருந்தது.

முதல் நாள் அவர் சுத்தமாகத்தான் வீடு திரும்பினார். பக்கத்து வீட்டு அம்மா சும்மா இருந்திருக்கலாம். "என்ன தம்பி, ஆபீசுக்குப் போனவர் மாதிரி வர்றீங்க? எங்க வீட்டுக்காரர் வந்தா பல்லு மட்டுந்தான் தெரியும்" என்றார். அந்தக் காலத்தில் குளிக்கிற அறை ஏது? கரியோடுதான் வீட்டுக்கு வருவார்கள். மைக்செட் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கருப்பாக வந்தார்.

எல்லோரும் போன பிறகு, வடிகால் மூடியில் படிந்திருக்கும் கரிச்சேற்றை வழித்தெடுத்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பூசிக்கொள்வாராம். நெற்றி, கன்னம், காது மடல், கழுத்து, இரண்டு கை. தன் கல்யாணத்தன்றுகூட அவர் அவ்வளவு நேரம் கண்ணாடி பார்த்திருக்க மாட்டார். அடுத்தவன் முகத்தில் கரி பூசுகிறவர்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் முகத்தில் தானே பூசிக்கொண்டு தெருவில் தலை நிமிர்ந்து நடந்தவர் இவர் ஒருவர்தான். அதுவும் அடுத்தவர்கள் கழுவிவிட்ட கரி.

எங்களுக்கு என்ன தெரியும்? உண்மையாக உள்ளே இறங்குகிறவர்கள் சுவரைத் தாண்டி வருவதே இல்லை. எங்கள் கண்ணில் பட்ட ஒரே சுரங்கத் தொழிலாளி மைக்செட்தான். அவர் தெரு முனையில் திரும்பும்போது பிள்ளைகள் ஓடிப்போய்க் கையைத் தொட்டுத் தங்கள் மூக்கில் பூசிக்கொள்ளும். என் சிநேகிதி அவருடைய கருப்புத் துண்டைத் துவைத்து, கருப்புப் போகவில்லை என்று சலித்துக்கொண்டே, தெருவுக்குத் தெரிகிற கொடியில் காயப்போடுவாள். எனக்கு வயிறு எரியும். பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் மிஷினை மிதிக்கும்போது என் வீட்டுக்காரரிடம், "நீங்களும் கூட்டத்துல விசில் அடிச்சீங்க, அவரும் கத்தினாரு. அவருக்கு வேலை, உங்களுக்கு விசில்" என்று குத்துவேன்.

"அடுத்த பேட்ச்ல எடுப்பாங்களாம். மைக்செட்டே சொன்னாரு" என்பார் அவர்.

ஆமாம், அதையும் சொன்னார். யார் கேட்டாலும் அடுத்த பேட்ச், அடுத்த பேட்ச். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது. அதை நம்பித்தான் என் வீட்டுக்காரர் நகரத்தில் ஒரு லாரி டிரைவர் வேலை வந்தபோது வேண்டாம் என்றார். எதிர் வீட்டுக்காரரும் மூட்டையைக் கட்டினவர் அவிழ்த்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தையில் தெருவே கால் மடக்கி உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்குள் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கரியோடு வந்த முதல் சாயங்காலம், பின்கட்டில் குளிக்க உட்கார்ந்தவருக்கு முன்னால் மாமனார் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம்.

"திரும்புங்க மாப்பிள்ள. முதுகு தேச்சு விடறேன்."

"ஐயோ, நீங்களா? வேணாம் மாமா!"

"எங்க காலத்துல தன் முதுகை எவனும் தானே தேச்சுக்க மாட்டான். கூட வேலை செய்யறவன்தான் தேச்சு விடுவான். திரும்புங்க."

மாமனார் கையால் முதுகு தேய்த்துக்கொள்வதென்றால் எந்த மாப்பிள்ளைக்கும் உடம்பு கூசும். இவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். கிழவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, சோப்புப் போட்டு, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்து, தண்ணீர் ஊற்றினார். மறுநாளும் முக்காலியை இழுத்துப் போட்டார். அது தினப்படி வழக்கமாகிவிட்டது. தன் மகளின் புருஷனைத் தொழில் செய்கிற ஆளாகக் கிழவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மைக்செட் நினைத்தார். அந்தப் பத்து நிமிஷம்தான் நாளிலேயே கொடுமையான நேரம் என்று மனைவியிடம் பின்னால் சொன்னார். வடிகாலே தேவலை என்றாராம்.

இப்படி இருக்கும்போது மைத்துனன் லீவு போட்டு வந்தான். அக்கா போனில் சொல்லிச் சொல்லி அவனுக்கு ஆசை வந்துவிட்டது. பிஸ்கட் கம்பெனி அடுப்பு முன்னால் நின்று கை இரண்டும் சிவந்து தழும்பேறியிருந்தது. கைக்குழந்தை வேறு. வாடகை அறையில் மூன்று பேரும் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். அவன் வந்த அன்று மைக்செட் வழக்கம்போலக் கருப்பாக வந்து நின்றார். அவன் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பாவப் பாக்கற மாதிரியே இருக்கு அத்தான்."

சாப்பிடும்போது விஷயத்துக்கு வந்தான். "அத்தான், நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே போயி வேலைய விட்டுட்டு, ரூமக் காலி பண்ணிட்டு வந்துடறேன். அடுத்த பேட்ச்ல என்னையும் சேத்துக்குவாங்கல்ல?"

கிழவர் சாப்பிடுவதை நிறுத்தி மாப்பிள்ளையைப் பார்த்தார். அக்கா தம்பியின் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். மைக்செட் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வா மச்சான், பாத்துக்கலாம்" என்றார்.

அந்த இடத்தில் அவரை நாலு அறை அறைந்திருக்க வேண்டும். நான் அங்கே இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும் கிழவர் மாப்பிள்ளையைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். என் சிநேகிதி கதவுக்கு இந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டாளாம்.

"மாப்பிள்ள, உங்க முதுகு முத நாள்லேருந்து வெள்ளையாத்தான் இருக்கு."

கிழவரே தொடர்ந்தார்.

"கீழ எறங்கறவனுக்குச் சட்டைக்கு உள்ளதான் அதிகமா அப்பும். வேர்வையில ஒட்டிக்கும். நெத்தியில ஹெல்மெட் இருந்த எடம் மட்டும் சுத்தமா இருக்கும். நீங்க நெத்தியில பூசிட்டு முதுக விட்டுட்டீங்க."

"தெரிஞ்சுமா மாமா தெனம் தேச்சீங்க?"

"இன்னிக்குச் சொல்லிடுவாரு, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு தேச்சேன்." கிழவர் நின்று மூச்சு வாங்கினார். "எம்பையன் வேலைய விடப் போறான். நான் சொன்னா உங்க மானம் முழுசாப் போயிடும். நீங்களே சொன்னா பாதிதான் போகும். காலைல சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் மாமா."

சொல்லவில்லை. காலையில் மைத்துனன் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். கிழவர் நாற்காலியில், என் சிநேகிதி நிலைப்படியில். மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். திறந்து, "பஸ்ஸுக்குச் சில்லறை வச்சிருக்கியா மச்சான்?" என்று கேட்டார். அவன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். கிழவர் எழுந்து, மாப்பிள்ளை பக்கம் திரும்பாமல் உள்ளே போனார். கிழவரோ நீயோ அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று நான் கோபமாகக் கேட்டபோது, "அப்பா வாயைத் திறந்தார்டி, இருமல்தான் வந்தது. எனக்கு அதுகூட வரல" என்று சொல்லி என் சிநேகிதி அழுதாள்.

அன்று நூலும் பித்தானும் வாங்க நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். பஸ் கிளம்பி வளைவில் திரும்பும்போது யாரோ பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஓடிவருவது கேட்டது. டிரைவர் நிறுத்தினார். மைக்செட் ஏறினார். காலில் செருப்பில்லை, சட்டையில் பாதிப் பித்தான் போடவில்லை. இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைத்துனன் முன்னால் போய் நின்றார்.

"எறங்கு மச்சான்."

"என்ன அத்தான், எதையாச்சும் மறந்துட்டேனா?"

அவர் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க அத்தான்" என்றான் அவன்.

"நான் கீழ எறங்கலடா. ஒரு நாள்கூட எறங்கல. அவங்க குளிக்கற ரூமக் கழுவறேன். தெனம் மூஞ்சில வர்ற கரி அங்க வடிகால்ல எடுத்துப் பூசறது. நீ வேலைய விட்டுடாத."

எனக்கு முதலில் வந்தது கோபம். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்ன அந்த லாரி என் கண் முன்னால் ஓடியது. எழுந்து ஊரறியக் கேட்டுவிட வேண்டும் என்று முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்தேன். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே எனக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மைத்துனன் கத்துவான் என்று நினைத்தேன். அவன் தன் தழும்பேறிய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அத்தானின் சட்டை நுனியைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்று நினைத்துக் கேட்டான்.

"பரவால்ல அத்தான். கழுவற வேலையா இருந்தாலும் பரவால்ல. அதுல இன்னொரு எடம் இருக்குமா?"

பின்னாலிருந்து எதிர் வீட்டுக்காரரும் கழுத்தை நீட்டினார். கம்பெனிச் சுவருக்குக் கல் சுமந்த இன்னும் இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். அவரை அடிப்பதற்காக இல்லை. அந்தப் பதில் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்காக நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மைக்செட் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

"இல்ல மச்சான். ஊருக்குன்னு இருந்தது அந்த ஒரு வேலைதான். அத நான் எடுத்துக்கிட்டேன்."